விபத்துக்கு முன்னால் போய்ச் சேரட்டும் தகவல்

(வல்லத்திராக்கோட்டையில் நடந்த ரயில் பாதுகாப்பு விழிப்புணர்வுக் கூட்டத்தில், ரயில்வே பாதுகாப்புப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே தரப்பட்டுள்ளது.)

 

"நம்ம ஊர்ல தண்டவாளமே இல்லையே, இங்க எதுக்கு ரயில் பாதுகாப்புக் கூட்டம்?" என்று நீங்க கேட்கலாம். நியாயமான கேள்விதான். வல்லத்திராக்கோட்டைக்கு ரயில் நிலையம் கிடையாது. ஆனால் ஒரு பக்கம் புதுக்கோட்டைக்குப் போனால் அங்கே திருச்சி – காரைக்குடி பாதை. இன்னொரு பக்கம் அறந்தாங்கிக்குப் போனால் திருவாரூர் – காரைக்குடி பாதை. வேலை, படிப்பு, ஆஸ்பத்திரி, கல்யாணம் காட்சி என்று கொஞ்ச தூரம் கிளம்பினாலே ஏதோ ஒரு ரயில்வே கேட்டையோ சுரங்கப்பாதையையோ தாண்ட வேண்டியிருக்கிறது. நம்ம பிள்ளைகளும் தாண்டுகிறார்கள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. ரயில் ஓடுகிற ஊரில் மட்டும்தான் ரயில் விபத்தைத் தடுக்க முடியும் என்றில்லை. தண்டவாளம் இல்லாத ஊரில் இருக்கிற ஒரு கண்மாய்கூட ரயிலுக்கு ஆபத்தாகலாம். அந்தக் கண்மாய்க் கரையில் நிற்கிற ஒருவர் கையிலுள்ள போன் ஒரு ரயிலைக் காப்பாற்றலாம். எப்படி என்று சொல்கிறேன்.

இரண்டு மழை இரவுகள்

1956 நவம்பர் 23. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போய்க்கொண்டிருந்த எக்ஸ்பிரஸ், அரியலூரைத் தாண்டி மருதையாற்றுப் பாலத்துக்கு வந்தது. விடியற்காலை நேரம். பயணிகள் தூக்கத்தில் இருந்தார்கள். வெள்ளம் பாலத்தை அரித்துவிட்டிருந்தது. இன்ஜினும் பெட்டிகளும் ஆற்றில் விழுந்தன. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்கு முன்பு, அதே ஆண்டு செப்டம்பரில் மஹபூப்நகரில் ஒரு பெரிய விபத்து நடந்திருந்தது. அரியலூருக்குப் பிறகு ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார்.

சாஸ்திரி பதவி விலகியது நம்ம எல்லாருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். ஆனால் அந்த இரவில் என்ன குறைந்தது என்று யோசித்துப் பாருங்க. டிரைவரிடம் திறமை குறையவில்லை. பாலத்தின் நிலைமை வந்துகொண்டிருந்த ரயிலுக்குத் தெரியவில்லை. தகவலை முந்திக்கொண்டு ரயில் வந்துவிட்டது.

இப்போது இன்னொரு இரவு. 2023 டிசம்பர் 17. தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களில் வரலாறு காணாத மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றது. வண்டியில் சுமார் 800 பேர். முன்னால் பாதையில் ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது என்ற தகவல் முதலிலேயே வந்துவிட்டது. அதனால் வண்டியை அங்கேயே நிறுத்திவைத்தார்கள். சுற்றிலும் தண்ணீர். சாப்பாட்டுக்குக் கஷ்டம். ஹெலிகாப்டரில் வந்து உணவு போட்டார்கள். டிசம்பர் 19-ஆம் தேதிதான் பயணிகளை மீட்க முடிந்தது. குழந்தைகளோடு இருந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

ஆனால் அந்த 800 பேரும் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

1956-லும் மழை, 2023-லும் மழை. இரண்டு இடத்திலும் பாதை அரித்தது. ஒரு இடத்தில் ரயில் முந்தியது, இன்னொரு இடத்தில் தகவல் முந்தியது. ரயில் பாதுகாப்பு என்று நாங்கள் சொல்வதெல்லாம் கடைசியில் இந்த ஒன்றுதான். விபத்து நடக்கிற இடத்துக்கு விபத்துக்கு முன்னாடியே தகவல் போய்ச் சேரணும்.

கண்மாய்க்கும் ரயிலுக்கும் என்ன சம்பந்தம்?

மழைக்காலத்தில் ரயில்வே ஊழியர்கள் ராத்திரியில் தண்டவாளத்தோடு நடந்தே ரோந்து போவார்கள். டார்ச், கொடி, வெடிச் சிக்னல் எல்லாம் கையில் இருக்கும். பாலத் தூண்களில் அபாய அளவுக் கோடு போட்டிருப்பார்கள். தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டால் வண்டியை நிறுத்த வேண்டும். தண்டவாளத்துக்குள் இருக்கிற விரிசலைக்கூட அல்ட்ராசானிக் கருவி வைத்துப் பார்க்கிறார்கள்.

இதோடு, அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு வேலையும் நடக்கிறது. உடைந்தால் ரயில்பாதையைப் பாதிக்கக்கூடிய ஏரி, கண்மாய்களுக்குத் தனியாக ஒரு பட்டியல் உண்டு. மழைக்கு முன்னால் ரயில்வேயும் மாநில அரசின் நீர்வளத் துறையும் சேர்ந்து அவற்றின் கரையைப் பார்வையிட வேண்டும் என்பது நடைமுறை.

நம்ம புதுக்கோட்டை கண்மாய்கள் நிறைந்த மாவட்டம். ஒரு கண்மாய் நிறைந்து கலிங்கு வழியாக அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர் போகிற சங்கிலி நமக்குத் தெரியும். மேலே ஒரு கரை உடைந்தால் கீழே இருக்கிற கண்மாயும் தாங்காது. அப்படி உடைந்து ஓடுகிற தண்ணீர் எங்கேயாவது ஒரு ரயில்பாதையின் மண்கரையில் போய் மோதலாம். ரோந்து போகிறவர் தண்டவாளத்தைத்தான் பார்ப்பார். மேலே இருக்கிற கண்மாயை உங்களைத் தவிர யார் பார்க்க முடியும்?

அதனால் ஒரு வேண்டுகோள். கரையில் கசிவு, உடைப்பு, கலிங்கில் அடைப்பு எதைப் பார்த்தாலும் உடனே 1077-க்குச் சொல்லுங்க. இது மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண். "பக்கத்து ஊர்க்காரங்க சொல்லியிருப்பாங்க" என்று இருந்துவிட வேண்டாம். இரண்டு பேர் சொன்னால் நஷ்டம் ஒன்றுமில்லை. ஒருத்தருமே சொல்லாமல் விட்டால்தான் நஷ்டம்.

கேட்டில் நிற்கிற ஐந்து நிமிஷம்

அடுத்து ரயில்வே கேட். 2025 ஜூலை 8. கடலூர் அருகே செம்மங்குப்பம். காலையில் பள்ளி வேன் ஒன்று ரயில்வே கேட்டைக் கடந்தபோது, விழுப்புரம் – மயிலாடுதுறை பயணிகள் ரயில் மோதியது. மூன்று மாணவர்கள் இறந்துபோனார்கள். அது ஆளில்லாத கேட் இல்லை. கேட் கீப்பர் இருக்கிற கேட்தான். அகலப் பாதைகளில் ஆளில்லாத கேட்டுகள் எல்லாம் 2019 ஜனவரியோடு அகற்றப்பட்டுவிட்டன. அப்படியிருந்தும் இது நடந்தது.

எப்படி என்று புரிந்துகொள்ள ஒரு சொல் தெரிந்தால் போதும். இன்டர்லாக்கிங். அந்தக் கேட்டில் அது இல்லை.

இன்டர்லாக்கிங் உள்ள கேட்டில், கேட்டை மூடிப் பூட்டினால்தான் ரயிலுக்குப் பச்சை சிக்னல் விழும். கேட் திறந்திருந்தால் சிக்னல் சிவப்பிலேயே நிற்கும். கேட் கீப்பர் அசந்தாலும் வண்டி வெளியிலேயே நின்றுவிடும். இன்டர்லாக்கிங் இல்லாத கேட்டில், ஸ்டேஷன் மாஸ்டர் போனில் "வண்டி வருது, கேட்டை மூடுங்க" என்பார். கேட் கீப்பர் மூடிவிட்டு ஒரு எண்ணைச் சொல்லி உறுதிப்படுத்துவார். அதை நம்பித்தான் வண்டி வரும். அங்கே இரும்புப் பூட்டு கிடையாது. இரண்டு மனிதர்களின் வார்த்தைதான் பூட்டு. மனிதர் என்றால் தூக்கம் வரும், உடம்புக்கு முடியாமல் போகும், மறதி வரும். ஒருத்தர் தவறினாலும் உயிர் போகாதபடி ஏற்பாடு செய்து வைப்பதுதான் உண்மையான பாதுகாப்பு.

செம்மங்குப்பத்துக்குப் பிறகு ரயில்வே அமைச்சகம் சில உத்தரவுகளைப் போட்டது. எல்லாக் கேட்டுகளிலும் சிசிடிவி வர வேண்டும். இன்டர்லாக்கிங் வைப்பதற்கான அளவு 20,000 போக்குவரத்து அலகிலிருந்து 10,000-ஆகக் குறைக்கப்பட்டது. ஒரு நாளில் அந்தக் கேட்டைக் கடக்கிற ரயில்களின் எண்ணிக்கையைச் சாலை வாகனங்களின் எண்ணிக்கையால் பெருக்கினால் வருவதுதான் இந்த அலகு. அளவைக் குறைத்தால் போக்குவரத்து குறைவான கிராமத்துக் கேட்டுகளுக்கும் இன்டர்லாக்கிங் வரும். நல்ல முடிவு. ஆனால் மூன்று பிள்ளைகள் போன பிறகு வந்த முடிவு. அந்தப் பெற்றோர்கள் முன்னால் நின்று "இப்ப சரி பண்ணிட்டோம்" என்று நம்மால் சொல்ல முடியுமா? அதனால்தான் முன்கூட்டியே என்ற வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

நம்ம பக்கத்திலேயே, முன்கூட்டியே யோசித்ததற்கும் ஒரு உதாரணம் இருக்கிறது. அறந்தாங்கி வழியாகப் போகிற திருவாரூர் – காரைக்குடி பாதையை அகலப் பாதையாக மாற்றி, 2019-இல் ரயில் விட்டபோது, கேட்டுகளுக்குப் போதுமான கேட் கீப்பர்கள் இல்லை. அதனால் கேட் கீப்பர்களை ரயிலிலேயே ஏற்றிக்கொண்டு போனார்கள். உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். கேட்டுக்கு முன்னால் வண்டி நிற்கும். ஒருத்தர் இறங்கி ஓடிப்போய்க் கேட்டை மூடுவார். வண்டி தாண்டி நிற்கும். கடைசிப் பெட்டியில் இருப்பவர் இறங்கிக் கேட்டைத் திறந்துவிட்டு மறுபடி ஏறுவார். 150 கிலோமீட்டர் போக ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆனது. "மாட்டு வண்டியே முந்திடும்" என்று கேலி செய்தார்கள். ஆள் நியமிக்காமல் பாதையைத் திறந்தது சரியா என்ற கேள்வி நியாயமானது. அதை மக்கள் கேட்டார்கள், பிறகு ஆள் போட்டார்கள். ஆனால் ஒன்றைக் கவனிங்க. ஆள் இல்லை என்றபோது "பரவாயில்லை, ஹாரன் அடிச்சுட்டுப் போ" என்று விடவில்லை. தாமதத்தை ஏற்றுக்கொண்டார்கள், ஆபத்தை ஏற்றுக்கொள்ளவில்லை.

இதே கணக்கு நமக்கும் உண்டு. கேட் மூடியிருக்கும்போது, டூ வீலரைச் சாய்த்துக் குனிந்து உள்ளே நுழைகிறோம். கேட் கீப்பரிடம் "ஒரு வண்டிதான் அண்ணே, தொறந்து விடுங்க" என்று சண்டை போடுகிறோம். வேகமாக வருகிற ரயிலில் அவசர பிரேக் போட்டாலும் ஒரு கிலோமீட்டர் அளவுக்கு ஓடித்தான் நிற்கும். லோகோ பைலட் உங்களைப் பார்த்த பிறகு அவரால் செய்யக்கூடியது ஹாரன் அடிப்பது மட்டும்தான். மூடிய கேட்டைத் திறப்பவருக்கு 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி மூன்று ஆண்டு வரை, கேட்டை உடைப்பவருக்கு ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

பெற்றோர்களே, பிள்ளை போகிற வேன் எந்தக் கேட்டைத் தாண்டுகிறது என்று உங்களுக்குத் தெரியுமா? டிரைவரிடம் ஒரு நாள் பேசுங்க. கேட் திறந்திருந்தாலும் நிறுத்தி, பாட்டை அணைத்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் கடக்கணும் என்று சொல்லுங்க. "லேட்டானாலும் பரவாயில்லை" என்று நீங்க வாயால் சொன்னால்தான் அவருக்குத் தைரியம் வரும்.

சுரங்கப்பாதையில் தேங்கும் தண்ணீர்

கேட்டை எடுத்துவிட்டுச் சுரங்கப்பாதை போட்டால் ரயில் மோதுகிற ஆபத்து போய்விடும். உண்மைதான். ஆனால் வேறு ஒரு ஆபத்து உள்ளே வரும். 2021 செப்டம்பரில் நம்ம மாவட்டத்திலேயே துடையூர் ரயில்வே சுரங்கப்பாதையில் நடந்தது மறந்திருக்காது. மழைநீர் தேங்கி நின்ற இடத்தில் இரவு நேரத்தில் கார் சிக்கி, அரசு மருத்துவர் ஒருவர் உயிரிழந்தார். மழை பெய்தால் அங்கே தண்ணீர் நிற்கிறது என்பது அந்தப் பகுதி மக்களுக்கு ஏற்கெனவே தெரியும். வெளியூரிலிருந்து காரில் வந்தவருக்கு எப்படித் தெரியும்? இருட்டில் தண்ணீரின் ஆழம் யாருக்குத் தெரியும்?

இரண்டு விஷயம் சொல்கிறேன். தண்ணீர் நிற்கிற சுரங்கப்பாதைக்குள் எந்த வண்டியையும் இறக்காதீங்க. முன்னால் போன லாரி தாண்டிவிட்டது என்பதற்காக உங்க கார் தாண்டாது. கார் உள்ளே நின்றுவிட்டால் உடைமையைப் பார்க்காமல் கண்ணாடியை இறக்கி உடனே வெளியே வந்துவிடுங்க.

இரண்டாவது, உங்க வழியில் இருக்கிற சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கினால் அது ஊர்ப் பழக்கம் என்று விட்டுவிடாதீங்க. போட்டோ எடுங்க, தேதியோடு புகார் பதிவு செய்யுங்க. ரயில்வே சம்பந்தப்பட்டதற்கு 139, அல்லது ரயில் மதத் செயலி. சாலை, வடிகால் போன்ற மாநில அரசு சார்ந்ததற்கு முதல்வரின் உதவி மையம் 1100. எது யாருடைய பொறுப்பு என்று குழப்பமாக இருந்தால் இரண்டிலும் பதிவு செய்யுங்க. கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அங்கே எழுத்துப்பூர்வமாகத் தீர்மானம் போடுங்க. புகார் எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, பதில் வரவில்லையென்றால் மறுபடி கேளுங்க. வாட்ஸ்அப் குரூப்பில் திட்டி எழுதுவதால் சுரங்கப்பாதையில் மோட்டார் ஓடாது.

ஒரு டார்ச் வெளிச்சம் நிறுத்திய ரயில்

"நாம சொன்னா யார் கேப்பா?" என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். 2024 பிப்ரவரி. தென்காசி மாவட்டம் புளியரை அருகே, கேரளாவிலிருந்து பிளைவுட் ஏற்றி வந்த லாரி ஒன்று நள்ளிரவில் மேலே சாலையிலிருந்து உருண்டு, செங்கோட்டை – கொல்லம் தண்டவாளத்தில் விழுந்தது. பக்கத்தில் குடியிருந்த வயதான தம்பதி சத்தம் கேட்டு எழுந்து வந்தார்கள். அந்த நேரத்தில் ஒரு ரயில் வருவது தெரிந்தது. இருவரும் தண்டவாளத்தோரம் ஓடி, கையிலிருந்த டார்ச்சை ஆட்டி ஆட்டிக் காட்டினார்கள். லோகோ பைலட் பார்த்து வண்டியை நிறுத்தினார். தமிழ்நாடு முதலமைச்சர் அந்தத் தம்பதிக்கு 5 லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தார்.

அவர்கள் ரயில்வே ஊழியர்கள் இல்லை, பயிற்சி எதுவும் எடுத்தவர்களும் இல்லை. கையில் இருந்தது ஒரு டார்ச். இன்று இந்தக் கூட்டத்தில் இருக்கிற அத்தனை பேர் போனிலும் டார்ச் இருக்கிறது. ரயில்கள் மோதிக்கொள்வதைத் தடுக்கக் 'கவச்' என்ற கருவியை இப்போது படிப்படியாகப் பொருத்தி வருகிறார்கள். நல்ல கருவி. ஆனால் சாலையிலிருந்து உருண்டு விழுந்த லாரியும் அரித்துப்போன மண்ணும் அதன் கண்ணுக்குத் தெரியாது. அதைப் பார்க்க மனிதக் கண் வேண்டும்.

தண்டவாளத்தில் ஆபத்தைப் பார்த்தால் என்ன செய்யணும்? முதலில் 139-க்கு அழைங்க. பக்கத்தில் கேட் இருந்தால் ஒருத்தர் அங்கே ஓடுங்க. கேட் கீப்பரிடம் நிலையத்துக்குப் பேசுகிற நேரடி போன் இருக்கும், அதுதான் வேகமான வழி.

இடத்தைச் சரியாகச் சொல்வது முக்கியம். "வேப்பமரம் பக்கத்துல" என்றால் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவருக்குப் புரியாது. மின்சாரப் பாதையில் ஒவ்வொரு கம்பத்திலும் மேலே ஒரு எண், கீழே ஒரு எண் எழுதியிருக்கும். மேலே இருப்பது கிலோமீட்டர், கீழே இருப்பது அந்தக் கிலோமீட்டரில் அது எத்தனையாவது கம்பம் என்பது. கேட்டில் என்றால் கேட் எண் பலகை இருக்கும். அந்த எண்ணைப் படித்துச் சொன்னால் போதும், ஊர் பேர்கூடத் தேவையில்லை.

ரயில் வருவது தெரிந்துவிட்டால், அது வருகிற திசையை நோக்கித் தண்டவாளத்துக்கு வெளியே ஓரமாக ஓடுங்க. பகலில் சிவப்புத் துணி, அது இல்லையென்றால் எந்தத் துணியாவது. இரவில் விளக்கு. இப்படியும் அப்படியுமாக வேகமாக ஆட்டுங்க. வேகமாக ஆட்டினால் "நிறுத்து" என்றுதான் லோகோ பைலட் எடுத்துக்கொள்வார். எக்காரணம் கொண்டும் தண்டவாளத்துக்கு நடுவே நிற்கக் கூடாது.

மாணவர்களுக்கு நாலு வார்த்தை

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏன்னா உங்களுக்குத் தெரியும். காதில் இயர்போனோடு தண்டவாளத்தில் நடக்காதீங்க. திருச்சி – காரைக்குடி பாதையில் மேலே போகிற மின்கம்பியில் 25,000 வோல்ட். தொட வேண்டியதில்லை, நெருங்கினாலே இழுக்கும். நிற்கிற கூட்ஸ் வண்டி மேல் ஏறி செல்பி எடுப்பது உயிரோடு விளையாட்டு. தீபாவளிக்குப் பட்டாசை ரயிலில் எடுத்துப் போகக் கூடாது. தண்டவாளத்தில் கல் வைப்பது விளையாட்டில்லை, குற்றம்.

ஒரு நல்ல பழக்கத்தையும் சொல்கிறேன். ரயில் இன்ஜினில் லோகோ பைலட்டும் உதவியாளரும் ஒவ்வொரு சிக்னல் வரும்போதும் கை நீட்டி, அதன் நிறத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொள்வார்கள். ஜப்பானில் ரயில்வே ஊழியர்களும் இப்படிக் கை நீட்டிச் சொல்வார்கள். கண் பார்த்ததை வாய் சொன்னால் மூளை தவறவிடாது. கேட்டைக் கடக்கும்போது நீங்களும் அப்படிச் செய்யுங்க. "இந்தப் பக்கம் வண்டி இல்லை, அந்தப் பக்கம் வண்டி இல்லை" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுக் கடங்க. யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

நடக்காத விபத்துக்குச் செய்தி கிடையாது

கடைசியாக ஒன்று. விபத்து நடந்தால் டிவியில் வரும், பேப்பரில் வரும். நடக்காமல் தடுத்த விபத்து எந்தச் செய்தியிலும் வராது. மழையில் ராத்திரி முழுக்க நடந்த ரோந்துக்காரர், திட்டு வாங்கிக்கொண்டும் கேட்டைத் திறக்காத கேட் கீப்பர், கண்மாய்க் கசிவைப் பார்த்து 1077-க்குச் சொன்ன விவசாயி, இவங்க யாருடைய பேரும் நமக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அவங்க வேலை சரியாக நடந்ததற்கு அடையாளம்.

இப்போது எல்லாரும் போனை எடுங்க. கீழே சொல்கிற எண்களைச் சேமித்துவிட்டு எழுந்திருங்க. வீட்டுக்குப் போய், ஸ்மார்ட்போன் இல்லாத பெரியவங்க போனிலும் போட்டுக் கொடுங்க. மழைக்காலம் வருவதற்குள் நம்ம ஊர்க் கண்மாய்க் கரையை ஒரு தடவை எல்லாரும் சேர்ந்து சுற்றிப் பார்த்துவிடுவோம்.



போனில் சேமிக்க வேண்டியவை

• 139 – ரயில்வே உதவி எண்: பாதுகாப்பு, விபத்து, புகார் அனைத்துக்கும்
• ரயில் மதத் செயலி – படத்தோடு புகார் பதிவு செய்ய
• 1077 – மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை: கண்மாய் உடைப்பு, வெள்ளம்
• 1100 – முதல்வரின் உதவி மையம்: சாலை, வடிகால் உள்ளிட்ட குறைகள்
• 112 – அவசர உதவி
• 108 – ஆம்புலன்ஸ்